பழைய அமெரிக்கத் தொலைக்காட்சியும் பாட்டும்: பிழையில்லாத வினாடி வினா தயாரிப்பது எப்படி?

பீட்டர் ஃபாக் நடித்த துப்பறியும் அதிகாரி கொலம்போவின் முதல் பெயர் என்ன? தொடரில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் 1974இல் ஃபிரெட் வொர்த் வெளியிட்ட துணுக்குக் களஞ்சியத்தில் ‘ஃபிலிப்’ என்று இருந்தது. தன் நூலை யாராவது அப்படியே எடுத்தாண்டால் பிடிபடட்டும் என்று அவரே வைத்த பொறி அது. 1980களில் சக்கைப்போடு போட்ட ட்ரிவியல் பர்சூட் விளையாட்டின் அட்டை ஒன்றில் அதே ‘ஃபிலிப்’ சரியான விடையாக அச்சாகி வந்தது. வொர்த் 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். விளையாட்டைத் தயாரித்தவர்கள் அவர் நூலைப் பார்த்ததை மறுக்கவில்லை. தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்றார்கள். நீதிமன்றமும் அதையே சொன்னது. வழக்கு போனது போகட்டும், பொய் விடை பல லட்சம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தத் துறையில் பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான் பரவுகின்றன. ஒருவர் எழுதியதை நால்வர் எடுத்தெழுதுவார்கள். நான்கு இடத்தில் இருக்கிறதே என்று ஐந்தாமவர் நம்புவார். முதன்முதலாக இருபது கேள்விகள் கொண்ட ஒரு தொகுப்பைத் தயாரிக்க உட்காருபவர் அந்த ஐந்தாமவராக ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதற்கான வழிகாட்டி இது.

படி 1: காலத்தை வரையறுத்து, தேதிகளை மனத்தில் பதியுங்கள்

‘பழைய அமெரிக்கப் பொழுதுபோக்கு’ என்பது கடல். தொடக்கத்தில் 1948 முதல் 1975 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வானொலிக் காலத்து நடிகர்கள் தொலைக்காட்சிக்கு வந்தது, ராக் அண்ட் ரோல் எழுந்தது, கறுப்பு வெள்ளை போய் வண்ணம் வந்தது எல்லாம் இதற்குள் அடங்கும். கீழே உள்ள பத்துத் தேதிகள் ஆணிகள் மாதிரி. மற்றத் தகவல்களை இவற்றில் மாட்டிக்கொள்ளலாம்.

- 1948 ஜூன் 20: எட் சல்லிவனின் பல்சுவை நிகழ்ச்சி ‘டோஸ்ட் ஆஃப் தி டவுன்’ என்ற பெயரில் சிபிஎஸ்ஸில் தொடக்கம். ‘தி எட் சல்லிவன் ஷோ’ என்று இப்போது நாம் அறியும் பெயர் 1955இல்தான் வந்தது.
- 1951 அக்டோபர் 15: ‘ஐ லவ் லூசி’ நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோட், சிபிஎஸ்.
- 1954 செப்டம்பர் 27: என்பிசியில் இரவு நேர அரட்டை நிகழ்ச்சி ‘டுநைட்’ தேசிய அளவில் தொடக்கம், தொகுப்பாளர் ஸ்டீவ் ஆலன்.
- 1955 செப்டம்பர் 10: ‘கன்ஸ்மோக்’ தொடக்கம். 20 சீசன், 635 எபிசோட் ஓடி 1975இல் முடிந்தது.
- 1956 செப்டம்பர் 9: சல்லிவன் நிகழ்ச்சியில் எல்விஸ் பிரெஸ்லி முதல் முறை.
- 1958 ஆகஸ்ட் 4: பில்போர்டு இதழின் ‘ஹாட் 100’ பாடல் தரவரிசைப் பட்டியல் முதன்முதலாக வெளியீடு. முதலிடம் ரிக்கி நெல்சனின் ‘புவர் லிட்டில் ஃபூல்’.
- 1959 நவம்பர் 2: ‘ட்வென்டி ஒன்’ தொலைக்காட்சி வினாடி வினாப் போட்டியில் விடைகள் முன்கூட்டியே தரப்பட்டதை சார்லஸ் வான் டோரன் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்ட நாள்.
- 1962 அக்டோபர் 1: ஜானி கார்சன் ‘டுநைட்’ நாற்காலியில் அமர்ந்தார். எழுந்தது 1992 மே 22.
- 1964 பிப்ரவரி 9: சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ், ஏறத்தாழ 7.3 கோடிப் பார்வையாளர்கள்.
- 1966 செப்டம்பர் 8: ‘ஸ்டார் ட்ரெக்’ தொடக்கம், என்பிசி.

இவற்றோடு நெட்வொர்க்குகளும் (நாடு முழுக்க ஒளிபரப்பும் நிறுவனங்கள்) தெரிந்திருக்க வேண்டும். என்பிசி, சிபிஎஸ், ஏபிசி மூன்றும் எல்லோருக்கும் தெரியும். 1956 வரை டூமான்ட் என்று நான்காவது ஒன்று இருந்தது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் அந்த நான்காவதுதான்.

படி 2: ஆண்டை ஒன்றுக்கு இரண்டாகப் படியுங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சி சீசன் செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தத்தில் முடியும். எனவே ‘1952இன் முதலிடத் தொடர்’ என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வரலாம். ‘1952–53 சீசன்’ என்று எழுதினால் ஒன்றுதான் வரும்: ஐ லவ் லூசி.

படங்களில் இன்னும் மோசம். ‘காசாபிளாங்கா’ நியூயார்க்கில் முதலில் திரையிடப்பட்டது 1942 நவம்பரில். நாடு முழுக்க வெளியானது 1943 ஜனவரியில். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் 1943ஆம் ஆண்டுக்கு உரியது. விழா நடந்ததோ 1944 மார்ச்சில். மூன்று ஆண்டுகளில் எதைச் சொன்னாலும் ஒருவர் கையை உயர்த்துவார். ‘எந்த ஆண்டின் விழாவில்’ என்றோ ‘எந்த ஆண்டின் படங்களுக்கான’ என்றோ கேள்வியிலேயே கட்டிவிட வேண்டும்.

பாட்டுக்கும் இதே வியாதி உண்டு. ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்’ பாடலை முதலில் பாடியவர் யார்? மார்வின் கே என்பார்கள் பலர். கொஞ்சம் படித்தவர்கள் கிளாடிஸ் நைட் என்பார்கள். கிளாடிஸ் நைட்டின் சிங்கிள் (ஒற்றைப் பாடல் இசைத்தட்டு) 1967இல் வந்தது. மார்வின் கேயுடையது 1968இல். ஆனால் மார்வின் கே பதிவு செய்தது கிளாடிஸ் நைட்டுக்கு முன்னால். அவர்கள் இருவருக்கும் முன்பே, 1966இல், ஸ்மோக்கி ராபின்சனும் மிரக்கிள்ஸ் குழுவும் பதிவு செய்திருந்தார்கள். ‘முதலில் பதிவு செய்தவர்’, ‘முதலில் வெளியிட்டவர்’, ‘முதலிடம் பிடித்தவர்’ மூன்றும் மூன்று கேள்விகள். (கடைசியது மார்வின் கே. கிளாடிஸ் நைட்டுக்கு ஹாட் 100 பட்டியலில் கிடைத்தது இரண்டாமிடம்.)

படி 3: எது மிஞ்சியது, ஏன் மிஞ்சியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே குறையும். 1950களின் தொடக்கத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரலை. நியூயார்க்கில் நடப்பதை வேறு ஊர்களுக்கு அனுப்ப, தொலைக்காட்சித் திரையையே ஃபிலிம் கேமராவால் படம் பிடிப்பார்கள். கினஸ்கோப் எனப்பட்ட அந்தப் பிரதி மங்கலாகவும் சாம்பல் பூத்தும் இருக்கும். ஆம்பெக்ஸின் வீடியோ டேப் 1956இல்தான் வந்தது. வந்த பிறகும் டேப் விலை அதிகம் என்பதால், ஒளிபரப்பியதை அழித்துவிட்டு மேலே அடுத்ததைப் பதிவார்கள். ஜானி கார்சனின் முதல் பத்தாண்டில் பெரும்பகுதி அப்படிப் போனதுதான். டூமான்ட் நிகழ்ச்சிகளில் மிஞ்சியவை மிகக் குறைவு.

‘ஐ லவ் லூசி’யில் லூசியாகவும் ரிக்கியாகவும் நடித்த தம்பதி லூசில் பாலும் தேசி அர்னாஸும் இதில் மாட்டாததற்குக் காரணம் இருக்கிறது. தொடரை நியூயார்க்கிலிருந்து நேரலையாக நடத்தச் சொன்னார்கள். அவர்கள் ஹாலிவுட்டை விட்டு வர மறுத்தார்கள். அப்படியானால் நியூயார்க் பக்கத்து நேயர்களுக்கு மங்கல் கினஸ்கோப்தான் கிடைக்கும். எனவே 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், பார்வையாளர்கள் முன்னிலையில், மூன்று கேமராக்களால் எடுத்தார்கள். கூடுதல் செலவுக்கு ஈடாகச் சம்பளத்தில் விட்டுக்கொடுத்து, ஃபிலிமின் உரிமையைத் தங்கள் டெசிலு நிறுவனத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ எடுத்தவர். மறு ஒளிபரப்பு என்ற வியாபாரமே இதனால் பெருத்தது. அதே டெசிலுதான் 1966இல் ஸ்டார் ட்ரெக்கைத் தயாரித்தது. ஒரு நல்ல இணைப்புக் கேள்வி இங்கேயே கிடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ‘பல கேமரா முறையைக் கண்டுபிடித்த தொடர்’ என்று எழுதிவிடாதீர்கள். ஜெர்ரி ஃபேர்பேங்க்ஸ் அதற்கு முன்பே பல கேமராக்களில் ஃபிலிம் எடுத்தவர். லூசி தொடர் அந்த முறையைச் செம்மையாக்கி நிலைநிறுத்தியது.

மிஞ்சியவற்றிலும் நீங்கள் இன்று பார்ப்பது அன்று ஒளிபரப்பானதாக இருக்காது. லூசி தொடரின் தொடக்கத்தில் பட்டுத் துணி மேல் இதயம் வரும் காட்சி மறு ஒளிபரப்புக்காகப் பின்னால் செய்யப்பட்டது. அசலில் லூசியும் ரிக்கியும் கோட்டுச் சித்திர உருவங்களாக வருவார்கள், ஸ்பான்சரான ஃபிலிப் மாரிஸ் சிகரெட்டோடு. மறு ஒளிபரப்புப் பிரதிகளில் விளம்பரத்துக்கு இடம் விடச் சில நிமிடங்களை வெட்டியிருப்பார்கள். காட்சி ‘இல்லை’ என்று அடித்துச் சொல்லும் முன் முழுப் பிரதியா என்று பாருங்கள். 1978இல் தொடங்கிய, ஒரு வானொலி நிலையத்தைப் பற்றிய ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ தொடரின் பிற்காலப் பிரதிகளில் உரிமச் சிக்கலால் பல பாடல்கள் மாற்றப்பட்டுவிட்டன. அதை வைத்து இசைக் கேள்வி எழுதினால் விடை தவறாகவே வரும்.

படி 4: ‘முதல்’ வரும் கேள்வியை மூன்று முறை சலியுங்கள்

திரையில் ஒரே கட்டிலில் படுத்த முதல் தம்பதி என்று ஃபிளின்ட்ஸ்டோன்ஸைச் சொல்வார்கள். அது 1960இல் வந்த கேலிச்சித்திரத் தொடர். கர்ப்பத்தைக் கதையாக்கிய முதல் தொடர் என்று லூசியைச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே அடியில் சாய்ப்பது ‘மேரி கே அண்ட் ஜானி’. 1947 நவம்பர் 18 அன்று டூமான்ட்டில் தொடங்கிய இத்தொடரே அமெரிக்க நெட்வொர்க்கில் வந்த முதல் சூழல் நகைச்சுவைத் தொடர். நடித்தவர்கள் நிஜக் கணவன் மனைவி. ஒரே கட்டில்தான். 1948இல் மேரி கே கருவுற்றபோது அதைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். நேரலை என்பதால் ஏறக்குறைய எல்லாம் அழிந்துவிட்டது. பார்க்கக் கிடைக்காததால் பட்டியல் எழுதுபவர்கள் கண்ணிலும் படவில்லை.

ஸ்டார் ட்ரெக்கின் 1968 நவம்பர் 22 எபிசோடில் வெள்ளையரான கேப்டன் கர்க்கும் கறுப்பினப் பெண்ணான உஹுராவும் முத்தமிடுவதை ‘வேற்றினத்தார் முத்தமிட்ட முதல் காட்சி’ என்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டே நான்சி சினாட்ராவின் சிறப்பு நிகழ்ச்சியில் சாமி டேவிஸ் ஜூனியர் அவருக்குக் கன்னத்தில் முத்தம் கொடுத்திருக்கிறார். ‘இனம்’ என்பதை எப்படி வரையறுக்கிறீர்கள், கதைத் தொடரா பாட்டு நிகழ்ச்சியா என்பதைப் பொறுத்து விடை மாறும். மாறும் விடைக்குக் கேள்வி எழுதாதீர்கள். ‘இந்த எபிசோட் எந்தத் தொடரில் வந்தது’ என்று திருப்பிப் போட்டால் சண்டை வராது.

‘லீவ் இட் டு பீவர்’ தொடர்தான் முதன்முதலில் கழிப்பறையைத் திரையில் காட்டியது என்பதும் இந்த ரகம். அதில் தெரிந்தது தண்ணீர்த் தொட்டி மட்டும். அந்தத் தொடர் பற்றி எந்தத் தகராறும் இல்லாத தகவல் ஒன்று உண்டு: அது தொடங்கிய 1957 அக்டோபர் 4 அன்றுதான் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. என்னைக் கேட்டால் கழிப்பறைக் கேள்வியை விட இது பத்து மடங்கு நல்ல கேள்வி.

எல்விஸைப் பற்றி எழுதும்போதும் கவனம். சல்லிவன் நிகழ்ச்சி அவருடைய முதல் தொலைக்காட்சித் தோற்றம் அல்ல. 1956 ஜனவரி 28 அன்றே டார்சி சகோதரர்களின் ‘ஸ்டேஜ் ஷோ’வில் பாடிவிட்டார். செப்டம்பர் 9 நிகழ்ச்சியை சல்லிவன் தொகுக்கவும் இல்லை. கார் விபத்தில் அடிபட்டு ஓய்வில் இருந்தார். நடிகர் சார்லஸ் லாட்டன் நடத்தினார். இடுப்புக்கு மேல் மட்டுமே காட்டியது மூன்றாவது தோற்றத்தில், 1957 ஜனவரி 6 அன்று. இந்த மூன்றையும் ஒரே நாளில் திணிக்கும் கட்டுரைகள் ஏராளம்.

படி 5: வசனத்தைக் காதால் கேட்டுவிட்டு எழுதுங்கள்

மேற்கோள் கேள்விக்கு ஒரே விதி: காட்சியைப் போட்டுக் கேட்காமல் எழுதக் கூடாது. ‘பீம் மீ அப், ஸ்காட்டி’ என்ற வாக்கியம் அந்த வடிவில் ஸ்டார் ட்ரெக் மூலத் தொடரில் இல்லை. ‘ப்ளே இட் அகெய்ன், சாம்’ காசாபிளாங்காவில் இல்லை. இங்கிரிட் பெர்க்மன் சொல்வது ‘ப்ளே இட், சாம்’. ‘ட்ராக்னெட்’ தொடரில் ஜாக் வெப் சொல்வது ‘ஆல் வீ வான்ட் ஆர் தி ஃபாக்ட்ஸ், மேம்’. ‘ஜஸ்ட் தி ஃபாக்ட்ஸ்’ என்று சுருங்கியதில் 1953இல் ஸ்டான் ஃப்ரீபெர்க் வெளியிட்ட கிண்டல் இசைத்தட்டுக்கும் பங்குண்டு.

இப்படிப்பட்டவற்றைப் பொறிக் கேள்வியாக வைக்க ஆசை வரும். ஒரு தொகுப்பில் ஒன்று போதும். இரண்டாவது வந்தாலே கேட்பவர்கள் ஒவ்வொரு கேள்வியிலும் பொறி தேட ஆரம்பித்து, சுலபமானதற்குக்கூட வாய் திறக்க மாட்டார்கள்.

மௌனத்தையும் கேட்கலாம். ‘ஹவுடி டூடி’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சியின் கோமாளி கிளாராபெல் பேசவே மாட்டார், ஹாரன்தான் அடிப்பார். 1960 செப்டம்பர் 24, கடைசி நிகழ்ச்சியில், ‘குட்பை, கிட்ஸ்’ என்றார். கிளாராபெல்லாக முதலில் நடித்தவர் பின்னால் ‘கேப்டன் கங்காரு’வாகப் புகழ்பெற்ற பாப் கீஷன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொன்னவர் அவர் அல்ல, லூ ஆண்டர்சன். இந்த இடத்தில் அச்சில் வந்த தொகுப்புகளே சறுக்கியிருக்கின்றன.

படி 6: எண்களுக்கு அலகு போடுங்கள்

தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கணக்கிடும் நீல்சன் நிறுவனத்தின் அளவீட்டில் இரண்டு விகிதங்கள். ரேட்டிங் என்பது தொலைக்காட்சி வைத்திருக்கும் எல்லா வீடுகளிலும் எத்தனை சதவீதம் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தது என்பது. ஷேர் என்பது அந்த நேரத்தில் போட்டிருந்த பெட்டிகளில் எத்தனை சதவீதம் என்பது. ஷேர் எப்போதும் பெரிய எண்ணாக இருக்கும். எல்விஸுக்குச் சொல்லப்படும் 82.6 என்பது ஷேர். அதை ‘அமெரிக்கர்களில் 82.6 சதவீதம்’ என்று எழுதினால் அபத்தம்.

லூசிக்குக் குழந்தை பிறக்கும் 1953 ஜனவரி 19 எபிசோடின் ரேட்டிங் 71.7, பார்த்தவர்கள் ஏறத்தாழ 4.4 கோடி. மறுநாள் அதிபர் ஐசன்ஹவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் 2.9 கோடிதான். 1983 பிப்ரவரி 28 அன்று வந்த ‘மேஷ்’ தொடரின் கடைசி எபிசோடின் ரேட்டிங் 60.2, பார்த்தவர்கள் 10.6 கோடிக்குக் கொஞ்சம் கீழே. இரண்டில் எது அதிகம்? ரேட்டிங்கில் லூசி, தலை எண்ணிக்கையில் மேஷ். காரணம் எளிது: 1950இல் அமெரிக்க வீடுகளில் சுமார் 9 சதவீதத்தில்தான் தொலைக்காட்சி இருந்தது, 1960இல் சுமார் 87 சதவீதம். மேஷை ‘அதிகம் பேர் பார்த்த ஒளிபரப்பு’ என்றும் எழுத வேண்டாம். 2010 சூப்பர் பௌல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) அதைத் தாண்டிவிட்டது. ‘கதைத் தொடர் எபிசோட்களில்’ என்று சேர்த்தால் நிற்கும்.

எபிசோட் எண்ணிக்கையிலும் வழுக்கல் உண்டு. ஸ்டார் ட்ரெக் 79. அப்போது ஒளிபரப்பாத முதல் மாதிரிப் படத்தைச் சேர்த்தால் 80. ‘ஹனிமூனர்ஸ்’ தனித் தொடராக 1955–56இல் வந்தது 39. ஜாக்கி கிளீசனின் வேறு நிகழ்ச்சிகளில் துண்டு நாடகங்களாக வந்தவை அதில் சேராது. கேள்வியில் எண் கேட்டே ஆக வேண்டுமென்றால், விடைத்தாளில் ‘இதையும் ஏற்கலாம்’ என்ற வரியைச் சேருங்கள்.

எல்விஸின் முதலிடப் பாடல்கள் எத்தனை என்றும் கேட்காதீர்கள். ஹாட் 100இல் மட்டும் ஏழு. 1958க்கு முந்தைய பில்போர்டு பட்டியல்களையும் சேர்த்தால் 17 அல்லது 18. ‘ஹவுண்ட் டாக்’, ‘டோன்ட் பி குரூயல்’ இரண்டும் ஒரே தட்டின் இரு பக்கம், ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா என்பது இன்னும் தீராத வழக்கு. பில்போர்டு தேதி என்பது இதழின் மேல் அச்சிட்ட தேதி, கடைக்கு வந்த நாள் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 7: பாட்டுக் கேள்வியில் எந்தப் பதிவு என்று குறியுங்கள்

பிங் கிராஸ்பியின் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ ஒன்று போதும், எல்லாச் சிக்கலும் அதில் இருக்கிறது. எழுதியவர் இர்விங் பெர்லின். கிராஸ்பி முதலில் பாடியது 1941 டிசம்பர் 25, வானொலியில். தட்டுக்காகப் பதிந்தது 1942 மே 29. அந்த மூலத்தட்டு ஓயாமல் பிரதி எடுத்துத் தேய்ந்துபோனதால் 1947 மார்ச்சில் மறுபடி பாடிப் பதிந்தார்கள். நாம் வழக்கமாகக் கேட்பது இந்த 1947 பதிவு. பாடல் இடம்பெற்று ஆஸ்கர் வாங்கிய படம் 1942இன் ‘ஹாலிடே இன்’. பாடலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட படம் 1954இல் வந்தது. ‘எந்தப் படத்துக்காக’ என்று கேட்டால் அறையில் பாதிப் பேர் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

மறுபதிவுத் தொல்லை ஒலிச்சுற்றில் இன்னும் கூடும். 1950கள், 60களின் பாடகர்கள் பலர் பழைய நிறுவனத்தை விட்ட பிறகு தங்கள் பாடல்களைத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். மலிவுத் தொகுப்புகளில் ‘அசல் பாடகர்’ என்று போட்டிருந்தால் பாடகர்தான் அசல், பதிவு அல்ல. பாடல் நீளத்தை முதல் வெளியீட்டு நீளத்தோடு ஒப்பிடுங்கள். பத்து நொடி வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும்.

துண்டு பத்து முதல் பன்னிரண்டு நொடி இருக்கட்டும். முகப்பு இசை என்றால் முதல் நொடியிலிருந்து தொடங்காதீர்கள், நான்காவது நொடியிலிருந்து. ‘ட்வைலைட் சோன்’ வைப்பதாக இருந்தால் இரண்டு முகப்பு இசை உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும்: முதல் சீசனுக்கு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்தது, உலகமே அறிந்த கிடார் ஒலி பின்னால் வந்த மாரியஸ் கான்ஸ்டன்ட்டுடையது.

மூலப் பாடகர் கேள்விகள் எப்போதும் எடுபடும். ‘ஹவுண்ட் டாக்’: பிக் மாமா தார்ன்டன், எல்விஸ் அல்ல. ‘ரெஸ்பெக்ட்’: ஓட்டிஸ் ரெடிங் 1965, அரீதா ஃபிராங்க்ளின் 1967. ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’: டாலி பார்ட்டன் 1974.

1959 பிப்ரவரி 3 விமான விபத்தில் பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், பிக் பாப்பர் மூவரும் இறந்ததைப் பற்றிக் கேட்டால், விமானத்தின் பெயர் ‘அமெரிக்கன் பை’ என்ற கதையைத் தொடாதீர்கள். அந்தப் பீச்கிராஃப்ட் பொனான்சாவுக்கு அப்படிப் பெயரே கிடையாது. அது டான் மெக்லீன் 1971இல் வெளியிட்ட பாடலின் தலைப்பு.

படி 8: பெயர்களும் பிறப்பும்

இயற்பெயர்க் கேள்விகள் சுலபத் தீனி. ஜான் வேய்ன் – மேரியன் மாரிசன்; ஜூடி கார்லண்ட் – ஃபிரான்சஸ் கம்; டீன் மார்ட்டின் – டினோ குரோசெட்டி; ஜாக் பென்னி – பெஞ்சமின் குபெல்ஸ்கி. இவற்றை வரிசையாக அடுக்காமல் ‘ஏன் மாற்றினார்’ என்று கேட்டால் சுவை கூடும். மைக்கேல் கீட்டனின் இயற்பெயர் மைக்கேல் டக்ளஸ். நடிகர் சங்கத்தில் ஏற்கெனவே ஒரு மைக்கேல் டக்ளஸ் இருந்ததால் மாற்றிக்கொண்டார்.

பிறந்த ஆண்டும் ஊரும் விளம்பரத் துறையின் கைக்குள் இருந்த காலம் அது. ஜாக் பென்னி பிறந்தது 1894 பிப்ரவரி 14. நிகழ்ச்சியில் அவருக்கு என்றும் 39 வயது. லூசில் பால் நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர்; மொன்டானாவின் பியூட் என்று பல காலம் அச்சாகி வந்தது. சுயசரிதையை வசனத்துக்கும் குணத்துக்கும் நம்பலாம், தேதிக்கு வேண்டாம்.

தமிழ் நேயர்கள் நிமிர்ந்து உட்கார ஒரு கேள்வி: 1966 ‘பேட்மேன்’ தொடரில் மீசையை மழிக்க மறுத்து அதன் மேலேயே வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு ஜோக்கராக நடித்தவர், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டாகத் தயாரித்த எந்த 1952 ஆங்கிலப் படத்தில் நடித்தார்? நடிகர் சீசர் ரொமேரோ, படம் ‘தி ஜங்கிள்’.

படி 9: சரிபார்ப்பு

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அட்டை. அதில் ஐந்து வரிகள்: கேள்வி, விடை, ஏற்கத்தக்க மாற்று விடை, அக்காலத்து ஆதாரம் ஒன்று, அதிலிருந்து எடுத்தெழுதாத இன்னொரு ஆதாரம். நான்காவது வரி காலியாக இருந்தால் கேள்வி வெளியே போகக் கூடாது. அக்காலத்து ஆதாரம் என்றால் அன்றைய செய்தித்தாள் நிகழ்ச்சி நிரல், அன்றைய பில்போர்டு இதழ், இசைத்தட்டின் லேபிள், அல்லது எபிசோடே. பில்போர்டின் பழைய இதழ்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன.

நிகழ்ச்சி நிரலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது முன்கூட்டியே அச்சாவது. 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுடப்பட்டதும் நெட்வொர்க்குகள் 25 வரை பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டன. அந்த நாட்களின் நிரலை நம்பி ‘இந்தத் தேதியில் வந்தது’ என்றால் பிழை.

படி 10: கேள்வியின் வாசகமும் அரங்கமும்

வாய்விட்டுப் படித்தால் இருபது நொடிக்குள் முடிய வேண்டும். என்ன கேட்கப்படுகிறது (நடிகரா, பாத்திரமா, தொடரா) என்பது கடைசிச் சொல்லில் தெளிவாகட்டும். ஒரு எடுத்துக்காட்டு: ‘அபட்–காஸ்டெல்லோ ஜோடியின் பேஸ்பால் நகைச்சுவையில் யார் இல்லை?’ என்பது குழப்பம். அதில் ‘யார்’ என்பதே ஒரு ஆட்டக்காரரின் பெயர். ‘ஹூஸ் ஆன் ஃபர்ஸ்ட் நகைச்சுவையில் ஒன்பது இடங்களில் எட்டுக்குப் பெயர் வருகிறது, பெயரே சொல்லப்படாத ஆட்டக்காரரின் இடம் எது?’ என்றால் விடை ஒன்றே: வலப்புற ஃபீல்டர்.

இருபதில் ஐந்து சுலபம், பத்து நடுத்தரம், ஐந்து கடினம். கடினமானவற்றைக் கடைசியில் குவிக்காதீர்கள். பின்தங்கிய அணி அங்கேயே சோர்ந்துவிடும். குடும்பப் பெயர் போதுமா, முழுப்பெயர் வேண்டுமா என்று தொடங்கும் முன் அறிவியுங்கள். க்ரௌச்சோ முதலிய நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் போன்றவர்களுக்கு மட்டும் முதல் பெயர் கட்டாயம். உச்சரிப்பில் தாராளம் காட்டலாம்; க்ரௌச்சோவை க்ரூச்சோ என்றால் மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.

விடையை யாராவது மறுத்தால் மேடையிலேயே கைப்பேசியில் தேடி வாதாட வேண்டாம். அட்டையின் நான்காம் வரியைப் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் மறுப்பவர் சொல்வதில் நியாயம் இருந்தால் கேள்வியை ரத்து செய்துவிட்டு மாற்றுக் கேள்வி போடுங்கள். இருபதுக்கு மூன்று மாற்றுக் கேள்விகள், அதில் ஒன்று ஒலித்துண்டு, கையில் இருக்க வேண்டும்.